செலவிலும் பலனிலும் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

முல்லைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சமூக மருத்துவத்தில் முதுகலை படிக்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு வழக்கமான டிரெஸ்ஸிங், மெஷின் வைத்துப் புண்ணிலிருந்து கசியும் நீரை உறிஞ்சி எடுக்கும் வாக் டிரெஸ்ஸிங் இரண்டையும் ஒப்பிடும் செலவு-பயன்திறன் பகுப்பாய்வு என் ஆய்வேட்டின் ஒரு பகுதி. முடிவுகள் இன்னும் வெளியாகாததால் உண்மை எண்களைத் தர இயலாது. கேள்வி புரிவதற்காகக் கணக்குக்கு எளிதான எண்களாக மாற்றித் தருகிறேன்.

குழுவுக்கு 120 பேர். வாக் முறையில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 6,000 ரூபாய் கூடுதல் செலவு, திட்டப்பிழை 4,000. தரம் சரிக்கட்டிய வாழ்நாள் ஆண்டில், அதாவது குவாலியில், சராசரி ஆதாயம் 0.05, திட்டப்பிழை 0.03. செலவுக்கான பி மதிப்பு 0.13. பலனுக்கு ஏறத்தாழ 0.10. (வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு. அது 0.05-க்குக் கீழே வந்தால்தான் ‘குறிப்பிடத்தக்கது’ என்பது வழக்கம்.)

துறைக் கூட்டத்தில் இதை வைத்தபோது, “செலவும் வேறுபடவில்லை, பலனும் வேறுபடவில்லை. இரண்டும் ஒன்றே என்று எழுதி, பழைய முறையே போதும் என முடித்துவிடு” என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று என்னால் வாதிட முடியவில்லை. 6,000-ஐ 0.05-ஆல் வகுத்தால் ஒரு குவாலிக்கு 1,20,000 ரூபாய் வருகிறது. இந்த எண்ணுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போடலாம் என்று, தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுக்கும் பூட்ஸ்டிராப் முறையைச் செய்து பார்த்தேன். ஒரு முனையில் மிகப் பெரிய எண்ணும் மறுமுனையில் குறை எண்ணும் வருகின்றன. இதை எப்படி எழுதுவது?

வைகைக்கரை எழுதியது:

நல்ல கேள்வி, தங்கையே. மருத்துவக் கல்லூரிகளில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது அடிக்கடி வந்து நிற்கும் கேள்வி.

முதலில் அந்த இரண்டு பி மதிப்புகளை ஓரமாக வையுங்கள். ‘செலவு வேறுபடுகிறதா’ என்று தனியாகவும் ‘பலன் வேறுபடுகிறதா’ என்று தனியாகவும் கேட்டு, இரண்டு ‘இல்லை’களைச் சேர்த்து ஒரு ‘சமம்’ ஆக்க முடியாது. சான்று போதவில்லை என்பது வேறு, வேறுபாடே இல்லை என்பது வேறு. உங்கள் தரவில் வாக் முறை உடல்நலத்தில் மேலானதாக இருப்பதற்கான வாய்ப்பு 95 சதவீதம். அதைச் ‘சமம்’ என்று எழுதினால் கையில் இருக்கும் தகவலைத் தூக்கி எறிகிறோம்.

இன்னொன்று. மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகளின் எண்ணிக்கையைப் புண் ஆறுவதையோ உறுப்பு நீக்கத்தையோ வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். செலவுத் தரவு அதைவிடப் பல மடங்கு சிதறிக் கிடக்கும். செலவு வேறுபாட்டுக்கும் 0.05 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எது நல்ல சிகிச்சை என்று தெரிந்த பிறகும் ஆளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். எந்த நெறிமுறைக் குழு அதற்கு அனுமதி தரும்?

அடுத்தது விகிதம். இதற்கு இடைவெளி போடுவது ஏன் உடைகிறது என்றால், வகுக்கும் எண் சுழியத்துக்கு அருகில் வந்து போகிறது. பூட்ஸ்டிராப்பில் ஒரு மறுமாதிரியில் பலன் 0.001 என்று வந்தால் விகிதம் எங்கோ பறந்துவிடும். அதைவிட மோசமானது குறை எண். செலவு குறைந்து பலன் கூடினாலும் விகிதம் குறை எண்தான். செலவு கூடிப் பலன் குறைந்தாலும் குறை எண்தான். மிகச் சிறந்த நிலையும் மிக மோசமான நிலையும் ஒரே குறியோடு ஒரே வரிசையில் நிற்கும். அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி 2.5 சதவீதப் புள்ளி எங்கே என்று தேடுவதில் பொருளே இல்லை.

விகிதத்துக்கு இடைவெளி போட ஃபீலர் என்பவரின் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. உங்கள் எண்களை அதில் போட்டுப் பாருங்கள். பலனின் சராசரியைத் திட்டப்பிழையால் வகுத்தால் 1.67, செலவுக்கு 1.5. 95 சதவீதத்துக்கு வேண்டிய 1.96-ஐ இரண்டும் எட்டவில்லை. ஆகவே 95 சதவீத அளவில் மேல் எல்லையும் இல்லை, கீழ் எல்லையும் இல்லை. மென்பொருள் தரும் எண்ணை அப்படியே அட்டவணையில் ஏற்றிவிடாதீர்கள்.

ஊர்மருத்துவர் எழுதியது:

வைகைக்கரை ஐயா சொல்வது கணக்கில் சரியாக இருக்கலாம். நான் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு மருந்துக்கு 0.05 கேட்கிறோம், அதைவிடத் தளர்ந்த அளவுகோலைப் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் ஏன் ஏற்க வேண்டும்? கம்பெனிப் பிரதிநிதிகள் அரைகுறைச் சான்றோடு வந்து மெஷினையும் ஃபோமையும் கேனிஸ்டரையும் தலையில் கட்டுவதற்கு இது வழிவிடாதா?

மேலும், இந்தச் சராசரி என்பதே எனக்கு உறுத்துகிறது. என் வார்டில் பத்து நாளில் புண் ஆறி வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரே ஒருவர், முதலில் விரல், பிறகு பாதி பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று மூன்று முறை ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் இரண்டு மாதம் படுக்கையில் இருப்பார். அந்த ஒருவரின் செலவு மொத்தச் சராசரியையும் இழுத்துவிடும். எல்லோரையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் செலவை, அதாவது இடைநிலை அளவை வைத்து ஒப்பிடுவதுதானே நியாயம்?

கருவூலத்தான் எழுதியது:

மருத்துவரே, இடைநிலை அளவைப் பற்றி மட்டும் ஒரு கணக்கு அலுவலனாகச் சொல்கிறேன். இரண்டு மாதம் படுத்திருந்தவரின் செலவையும் யாரோ கொடுத்துத்தான் ஆக வேண்டும். சராசரியை நோயாளிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் எனக்கு மொத்தத் தொகை கிடைக்கும். இடைநிலை அளவைப் பெருக்கினால் எந்தத் தொகையும் கிடைக்காது. அந்த ஒருவரை வெளியே தள்ளிவிட்டு ஒதுக்கீடு கேட்டால் டிசம்பரிலேயே பணம் தீர்ந்துவிடும்.

வைகைக்கரை எழுதியது:

கருவூலத்தான் சொன்னதே சரி. மடக்கை எடுத்துச் சோதிப்பதும் இதே காரணத்தால்தான் ஆகாது. அது பெருக்குச் சராசரியை ஒப்பிடுகிறது. பட்ஜெட்டுக்கு வேண்டியது கூட்டுச் சராசரி. புள்ளியியலாளர்கள் தாம்சனும் பார்பரும் 2000-ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். தரவு ஒரு பக்கம் நீண்டு கிடக்கிறது என்றால் பூட்ஸ்டிராப் செய்யுங்கள், சராசரியை விடாதீர்கள்.

முல்லைக்கொடி, பூட்ஸ்டிராப்பில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? ஒரு நோயாளியின் செலவையும் குவாலியையும் இணையாகவே எடுக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் 120 பேரை, எடுத்தவரைத் திரும்பப் போட்டு, மறுபடி எடுங்கள். செலவுப் பட்டியலிலிருந்து ஒருவர், குவாலிப் பட்டியலிலிருந்து வேறொருவர் என்று எடுத்தால் இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு அழிந்துவிடும். மருத்துவர் சொன்ன அந்த நோயாளியையே பாருங்கள். காலை இழந்தவருக்குச் செலவும் கூடுதல், வாழ்க்கைத் தரமும் குறைவு. உங்கள் தரவில் ஒட்டுறவு எதிர்மறையாகத்தான் இருக்கும்.

ஓலைச்சுவடி எழுதியது:

தாமதமாக வருகிறேன். சுகாதாரப் பொருளியல் மாதிரிகள் கட்டுவது என் வேலை.

விகிதத்தை விட்டுவிட்டு நிகர நன்மைக்கு மாறுங்கள். ஸ்டின்னெட், மல்லாஹி இருவரும் 1998-இல் இதை முறையாக வைத்தார்கள். ஒரு குவாலிக்குச் சமூகம் எவ்வளவு தரத் தயார் என்று ஒரு வரம்புத் தொகையை எடுத்துக்கொண்டு, பலனை அதனால் பெருக்கி, செலவைக் கழித்துவிடுவது, அவ்வளவுதான். வகுத்தல் போய்விடுகிறது, குறை எண் குழப்பமும் போய்விடுகிறது.

கணக்குக்காக வரம்பை 2,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 0.05-ஐ அதனால் பெருக்கினால் 10,000. 6,000 போனால் ஒரு நோயாளிக்கு 4,000 ரூபாய் நிகர நன்மை. ஒட்டுறவு இல்லை என்று கொண்டால் இதன் திட்டப்பிழை சுமார் 7,200. நிகர நன்மை சுழியத்துக்கு மேல் இருக்கும் வாய்ப்பு 71 சதவீதம். ஒட்டுறவை −0.3 என்று வைத்தால் 69 சதவீதம், +0.3 என்றால் 74. வைகைக்கரை ஏன் இணையாக எடுக்கச் சொன்னார் என்பது இதில் தெரியும்.

வரம்புத் தொகையைச் சுழியத்திலிருந்து ஏற்றிக்கொண்டே போய் ஒவ்வொரு இடத்திலும் இந்த வாய்ப்பைக் குறித்தால் வருவது ஏற்புநிலை வளைகோடு. வான் ஹௌட்டும் உடனாய்வாளர்களும் 1994-இல் கொண்டுவந்தது. பலர் இது சுழியத்தில் தொடங்கி 100 சதவீதத்தில் முடியும் என்று நினைக்கிறார்கள். உங்கள் வளைகோடு இடது முனையில் சுமார் 7 சதவீதத்தில் தொடங்கும், அதாவது வாக் முறை செலவையே குறைக்கும் வாய்ப்பு. வலது பக்கம் எவ்வளவு நீட்டினாலும் 95-ஐத் தாண்டாது. அது பலன் உண்மையிலேயே கூடுதல் என்பதற்கான வாய்ப்பு. உங்கள் கூட்டத்தில் கேட்ட இரண்டு பி மதிப்புகளும் இந்த ஒரே கோட்டின் இரண்டு முனைகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. முடிவெடுக்க வேண்டிய இடமோ நடுவில் இருக்கிறது.

இப்போது மருத்துவரின் கேள்வி. 71 சதவீதம் போதுமா, 95 வேண்டாமா? யார்க் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளாக்ஸ்டன் 1999-இல் இதற்குக் கொடுத்த விடை கடுமையானது, நான் அதன் பக்கம் நிற்கிறேன். இரண்டில் ஒன்றை இன்றைக்கு நோயாளிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ‘முடிவு சொல்லவில்லை’ என்று எழுதினாலும் பழைய டிரெஸ்ஸிங் தொடரும், அதுவும் ஒரு முடிவுதான். பழையதுக்கு மட்டும் சான்று கேட்காமல் புதியதுக்கு 95 கேட்டால், எதிர்பார்க்கும் நன்மை குறைவான சிகிச்சையைத் தெரிந்தே தொடர்கிறோம். அந்த இழப்பை ஏற்பவர் வார்டில் படுத்திருப்பவர்.

நிச்சயமின்மைக்கு வேலை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சராசரி நிகர நன்மை சொல்லும். இன்னும் ஆய்வு செய்வது தகுமா என்பதை நிச்சயமின்மை சொல்லும். இரண்டு கேள்விகளையும் ஒரே பி மதிப்பிடம் கேட்பதுதான் தவறு.

ஊர்மருத்துவர் எழுதியது:

பழையது தொடர்வதும் ஒரு முடிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 71 என்றால் என் நோயாளிகளில் 29 சதவீதம் பேருக்கு இது கெடுதல் என்றுதானே ஆகிறது? அதை எப்படி அவர்களிடம் சொல்வேன்?

வைகைக்கரை எழுதியது:

அப்படி ஆகாது, டாக்டர். திட்டவிலக்கம் நோயாளிக்கு நோயாளி உள்ள வேறுபாட்டைக் காட்டும். திட்டப்பிழை சராசரியை நாம் எவ்வளவு துல்லியமாக அறிவோம் என்பதைக் காட்டும். 71 என்பது இரண்டாவதைச் சேர்ந்தது. 1,200 பேரை ஆய்வில் சேர்த்தால் அது 95-க்கு மேலும் போகலாம், 5-க்குக் கீழேயும் வரலாம். நோயாளிகளுக்குள் இருக்கும் வேறுபாடு மட்டும் அப்படியே இருக்கும்.

உங்கள் கவலைக்கான விடை வேறு இடத்தில் இருக்கிறது. யாருக்குப் புண் ஆழம், யாருக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று முன்கூட்டியே பிரிக்க முடிந்தால், பிரிவுவாரியாகக் கணக்குப் போடலாம். ஆனால் பிரிவுகளை ஆய்வுக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஓலைச்சுவடி எழுதியது:

அப்படிப் பிரித்ததற்கு நுரையீரல் சிதையும் எம்ஃபைசீமா நோய்க்கு அமெரிக்காவில் நடந்த ஆய்வு நல்ல உதாரணம். நுரையீரலின் சிதைந்த பகுதியை வெட்டி எடுக்கும் அறுவைச் சிகிச்சைக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தருவதா வேண்டாமா என்று தெரியாத நிலையில், ஆய்வில் சேர்பவர்களுக்கு மட்டும் தருவோம் என்று முடிவெடுத்தார்கள். 17 மையங்கள், 1,218 நோயாளிகள். நடுவில் ஒரு பிரிவினருக்கு உயிராபத்து அதிகம் என்று தெரிந்து அவர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2003-இல் வந்த பொருளாதாரக் கணக்கில் ஒரு குவாலிக்கு மூன்றாண்டு அளவில் 1,90,000 டாலர், பத்தாண்டுக்கு நீட்டினால் 53,000 டாலர்.

இந்த இரண்டு எண்களையும் முல்லைக்கொடி நன்றாகப் பார்க்க வேண்டும். நோயாளிகள் அதே நோயாளிகள், தரவு அதே தரவு. மாறியது ஒரு அனுமானம் மட்டும்: கண்ணால் பார்த்த காலத்துக்குப் பிறகு பலன் எப்படிப் போகும் என்பது. எந்தத் திட்டப்பிழையும் இந்த வேறுபாட்டைக் காட்டியிருக்காது. பூட்ஸ்டிராப்பை 10,000 முறை ஓட்டினாலும் இது வெளியே வராது, ஏனென்றால் அது தரவுக்குள் இல்லை. உயிர்வாழ்வு வளைகோட்டை நீட்டும்போது கணித வடிவமாக வைபுல் எடுக்கிறோமா, காம்பர்ட்ஸ் எடுக்கிறோமா, லாக்-நார்மல் எடுக்கிறோமா என்பதில் முடிவே தலைகீழாக மாறிய மாதிரிகளை நான் பார்த்திருக்கிறேன். அதை ஒரு அடிக்குறிப்பில் தள்ளிவிட்டு, உள்ளீடுகளை எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்த்ததை மட்டும் ‘நிகழ்தகவு உணர்திறன் பகுப்பாய்வு செய்தோம்’ என்று பெருமையாக எழுதுவது எனக்குக் கோபம் வரவைக்கும் பழக்கம்.

எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் தரலாம் என்று பரிந்துரைக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு அந்தப் பகுப்பாய்வை 2004-இல் கட்டாயமாக்கியது நல்ல காரியம். நிகழ்தகவுகளுக்குப் பீட்டா, செலவுகளுக்குக் காமா, ஒப்பீட்டு ஆபத்துக்கு லாக்-நார்மல் என்று பரவல்களும் நிலைபெற்றுவிட்டன. ஆனால் எல்லா உள்ளீட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ±20 சதவீதம் போடுவது பகுப்பாய்வு ஆகாது. அந்த 20 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் யாரிடமும் விடை இருப்பதில்லை.

கருவூலத்தான் எழுதியது:

அந்த ±20 பற்றி எனக்கும் ஒரு கேள்வி உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒரு பொருளுக்கு ஒப்பந்த விலை முடித்துவிட்டால், அந்தக் காலத்துக்கு அது முடிந்த விலை. அதற்கு ஏன் ஒரு பரவல்?

ஓலைச்சுவடி எழுதியது:

வேண்டியதில்லை. விலை என்பது பேரம் பேசி முடிவாவது, அளந்து அறிவது இல்லை. ‘இந்த விலைக்கு இப்படி, அந்த விலைக்கு அப்படி’ என்று தனித்தனிக் காட்சிகளாகக் காட்டுவதே சரி. விலை பேசுகிறவருக்கும் அதுதான் உதவும்.

நம் ஊரில் உண்மையான நிச்சயமின்மை படுக்கை-நாள் செலவில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் நோயாளிக்கு பில் கிடையாது. ஆகவே ஊழியர் சம்பளம், கட்டடம், உணவு, சலவை எல்லாவற்றையும் கூட்டிப் படுக்கை-நாட்களால் வகுக்கிறோம். அதே வார்டு, அதே ஊழியர்கள், 60 சதவீதம் நிரம்பியிருந்தால் ஒரு செலவு. 100 சதவீதம் நிரம்பியிருந்தால் அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. வாக் முறை படுக்கை-நாட்களைக் குறைக்கிறது என்பதுதான் அதன் முக்கிய வாதம் என்றால், இந்த ஒரு எண் முடிவையே திருப்பிவிடக்கூடும்.

முல்லைக்கொடி எழுதியது:

மிக்க நன்றி. இனி கூட்டத்தில் வாதிட முடியும். மூன்று சந்தேகங்கள் மீதி இருக்கின்றன. வரம்புத் தொகையாக எதை எடுப்பது? இன்னும் ஆய்வு தகுமா என்பதை எண்ணாகச் சொல்ல முடியுமா? தொடக்கத்தில் இரு குழுக்களின் வாழ்க்கைத் தர மதிப்பெண் சற்று வேறுபட்டது, அதை விட்டுவிடலாமா?

வைகைக்கரை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு நான் சொல்கிறேன். விடக்கூடாது. குவாலி என்பது மதிப்பெண் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. தொடங்கும் புள்ளியே ஒரு குழுவுக்கு 0.04 மேலே இருந்தால், சிகிச்சை எதுவும் செய்யாமலேயே ஓராண்டில் அந்தக் குழுவுக்குக் குவாலி ஏறத்தாழ அவ்வளவு கூடிவிடலாம். உங்கள் மொத்த ஆதாயமே 0.05 என்பதை நினைவில் வையுங்கள். தொடக்க மதிப்பெண்ணைச் சேர்த்து ரிக்ரஷன் செய்து சரிக்கட்டுங்கள். விடுபட்ட தரவுக்குப் பன்முறை நிரப்பல் செய்யுங்கள். முழுத் தரவு உள்ளவர்களை மட்டும் எடுத்தால், பெரும்பாலும் நலமாக வீடு திரும்பியவர்களே மிஞ்சுவார்கள்.

ஓலைச்சுவடி எழுதியது:

வரம்புத் தொகை: இந்தியாவில் 2017-இல் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கான அமைப்பு வந்தது. தனிநபருக்கான மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஒரு மடங்கை ஒப்பிட்டுப் பார்ப்பது இங்கே வழக்கம். தாய்லாந்து 1,60,000 பாட் என்று வெளிப்படையாக வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக 20,000 முதல் 30,000 பவுண்டு என்று இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பெயரில் சுற்றிவந்த ‘மூன்று மடங்கு வரை’ என்பதைப் பயன்படுத்தாதீர்கள். அந்த அளவுகோலை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம் என்று அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே பின்னர் எழுதினார்கள். வரம்பே உறுதியாகத் தெரியாததால்தான் வளைகோடு முழுவதையும் காட்டச் சொல்கிறேன்.

தகவலின் மதிப்பு: உங்கள் எண்களில், ஒட்டுறவு இல்லை என்று கொண்டால், தவறான முடிவெடுத்தால் ஏற்படும் இழப்பின் எதிர்பார்ப்பு ஒரு நோயாளிக்குச் சுமார் 1,300 ரூபாய். ஆண்டுக்கு 10,000 பேருக்கு இந்த முடிவு பொருந்தும், ஐந்தாண்டு செல்லும் என்று வைத்தால், வரும் ஆண்டுகளின் பணமதிப்பைக் குறைத்துக் கணக்கிடாமல் 6.5 கோடி. முழுமையான தகவலுக்கே அவ்வளவுதான் மதிப்பு. ஆகவே 10 கோடியில் ஒரு ஆய்வு கேட்டால் மறுக்கலாம். ஒரு கோடியில் கேட்டால் யோசிக்கலாம்.

ஊர்மருத்துவர் எழுதியது:

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வாங்கிய மெஷினைத் திருப்பித் தர முடியாது. ஒரு முறை வார்டுக்கு வந்துவிட்ட முறையை, பின்னால் சான்று எதிராக வந்தாலும், எடுத்துவிட முடியாது. எதிர்பார்க்கும் நன்மை கூடுதல் என்று இன்றைக்கே ஏற்றுவிட்டால், அடுத்த ஆய்வுக்கு நோயாளிகளைச் சேர்க்கவும் முடியாது. இங்கிலாந்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கான இன்டர்ஃபெரான் மருந்துக்கு நடந்ததை ஓலைச்சுவடிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓலைச்சுவடி எழுதியது:

உண்மை. 2002-இல் நைஸ் அதைப் பரிந்துரைக்க மறுத்தது. அரசு, மருந்தைக் கொடுத்துக்கொண்டே பத்தாண்டு கண்காணிப்போம், ஒரு குவாலிக்கு 36,000 பவுண்டுக்குள் வராவிட்டால் விலையைக் குறைப்போம் என்று கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. இரண்டாண்டு முடிவு 2009-இல் வந்தபோது நோய் எதிர்பார்த்ததைவிட மோசமாக முன்னேறியிருந்தது. விலை குறையவில்லை, முடிவு சொல்ல இன்னும் காலம் வேண்டும் என்றார்கள். பின்னர் வந்த நீண்ட கால முடிவுகள் மருந்துக்குச் சாதகமாக அமைந்தன. ஆனால் ஒப்பிடுவதற்குச் சமவாய்ப்பில் பிரித்த குழு இல்லாமல் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டதால், சர்ச்சை தீரவில்லை.

எனவே உங்கள் எதிர்ப்பை நான் ஏற்கிறேன். திரும்பப் பெற முடியாத செலவு இருந்தால், அல்லது ஏற்பதே அடுத்த ஆய்வைத் தடுத்துவிடும் என்றால், காத்திருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்போதும் அது ரூபாயில் வரும் மதிப்பு, 0.05 என்ற கோடு ஆகாது. மெஷினை வாங்காமல் வாடகைக்கு எடுத்தால் அந்த மதிப்பு குறையும். எம்ஃபைசீமா ஆய்வில் செய்ததுபோல் ‘ஆய்வில் சேர்பவருக்கு மட்டும்’ என்றால் இன்னும் குறையும்.

முல்லைக்கொடி எழுதியது:

இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“வாக் முறையில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 6,000 ரூபாய் கூடுதல் செலவில் 0.05 குவாலி கூடுதலாகக் கிடைத்தது. ஒரு குவாலிக்கு 2,00,000 ரூபாய் என்ற வரம்பில் சராசரி நிகர நன்மை 4,000 ரூபாய். செலவுக்கும் குவாலிக்கும் இடையிலான ஒட்டுறவு −0.3 என்ற நிலையில், வாக் முறை தகுதியானது என்பதற்கான வாய்ப்பு 69 சதவீதம். பிற வரம்புகளுக்கு வளைகோட்டைக் காண்க. படுக்கை-நாள் செலவும் மெஷின் விலையும் தனிக் காட்சிகளாகத் தரப்பட்டுள்ளன.”

பி மதிப்பு எங்கும் இல்லை. கூட்டத்தில் கேட்பார்கள்.

வைகைக்கரை எழுதியது:

நன்றாக இருக்கிறது. நம்பிக்கை இடைவெளியை நிகர நன்மைக்குக் கொடுங்கள், −12,000 முதல் 20,000 வரை வரும். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கேட்டால் வளைகோட்டின் இரு முனைகளையும் காட்டுங்கள்.

ஊர்மருத்துவர் எழுதியது:

படுக்கை-நாள் காட்சிக்கு 60 சதவீதம், 100 சதவீதம் என்று ஊகித்துப் போட வேண்டாம், அம்மா. ஒவ்வொரு வார்டிலும் நள்ளிரவுப் படுக்கைக் கணக்குப் பதிவேடு இருக்கும். தலைமைச் செவிலியரிடம் கேட்டு ஓராண்டுக்கான எண்ணிக்கையை எடுங்கள். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களையும் அதில் எழுதுகிறார்களா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வார்டில் நிரம்பல் 100-ஐத் தாண்டுவது அவர்களால்தான்.